ழகரத்துக்கு ஓர் எல்: அச்சகத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில், மேல்கோடு கீழ்ப்புள்ளி எல்லாம் போட்டு, ஆங்கிலத்தில் புத்தகம் கொண்டுவர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முனைவர் பட்ட மாணவர்கள், கல்வெட்டு ஆய்வாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், சொந்த ஊரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் என யாராக இருந்தாலும் சரி. காவிரிப் படுகை ஊர்ப்பெயர்களைப் பற்றிய என் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் நூலாக்க என் சேமிப்பைத்தான் போட்டேன். முந்நூறு பிரதிகள், 62,000 ரூபாய். அந்த முந்நூறில் ஒன்றைக்கூட யார் கையிலும் கொடுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சரிசெய்து மறுபடி அச்சடித்து முடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது, மேலும் 41,000 ரூபாய் போனது. இவ்வளவுக்கும் காரணம் ஒரே ஓர் எழுத்து. அதைப் பற்றி எனக்குச் சொல்ல யாரும் இல்லை. வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஆய்வு தெரியும், டி.டி.பி. தம்பிக்குப் பக்கம் கட்டத் தெரியும், அச்சகத்துக்கு அச்சடிக்கத் தெரியும். இந்த எழுத்து கணினிக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது மூவரில் யாருடைய வேலையாகவும் இல்லை.

முதலில் எழுத்தைச் சொல்லிவிடுகிறேன். ழகரத்தை ரோமனில் காட்ட, ஆங்கிலச் சிறிய எல் எழுத்தின் அடியில் சின்னதாக ஒரு படுக்கைக் கோடு போடுவார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ரோமன் வடிவம் இருக்கும். அங்கே ழ இப்படித்தான் வரும். இந்திய எழுத்துகளை ரோமனில் எழுதுவதற்காக 2001இல் வந்த சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15919உம் அதையே வைத்துக்கொண்டது. லகரத்துக்கு வெறும் எல், ளகரத்துக்கு அடியில் புள்ளி வைத்த எல், ழகரத்துக்கு அடியில் கோடு போட்ட எல். றகரமும் னகரமும் இதேபோல் அடிக்கோடு வாங்கிக்கொள்கின்றன. செய்தித்தாளுக்கும் பெயர்ப்பலகைக்கும் இந்தக் கோடு புள்ளியெல்லாம் தேவையில்லை. ஊர்ப்பெயர் ஆய்வில் அது இல்லாமல் ஒரு பக்கம்கூட நகராது. திருவீழிமிழலை என்ற பெயரில் இரண்டு ழகரம், ஒரு லகரம். கோடு விழுந்துபோனால் மூன்றும் ஒன்றாகிவிடும். கீழ்வேளூர் என்ற பெயருக்குள் இருக்கும் வேளூருக்கும், கோட்டை இருக்கும் வேலூருக்கும் ரோமனில் வித்தியாசம் ஒரு புள்ளிதான். பெயரின் வேர் என்ன என்று விவாதிக்கும் நூலில் இந்தக் கோடும் புள்ளியும் போய்விட்டால் வாதமே போய்விட்டது என்று அர்த்தம்.

என் கோப்பு எப்படி உருவானது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஆய்வேடுகள் இப்படித்தான் உருவாகின்றன. முதல் இரண்டு இயல்களை ஒரு தட்டச்சு மையத்தில் கொடுத்து அடித்தேன். அவர்களிடம் பழைய எழுத்துரு ஒன்று இருந்தது. அதில் ஏதோ ஓர் ஐரோப்பியக் குறியின் இடத்தில் அடிக்கோட்டு எல்லின் படத்தை வைத்திருந்தார்கள். பாமினி எழுத்துருவில் அடித்தவர்களுக்கு இது உடனே புரியும்: திரையில் ஓர் எழுத்து, உள்ளே வேறோர் எழுத்து. மூன்றாம் இயலிலிருந்து நானே வீட்டில் அடித்தேன். நூற்பட்டியலை வெளிநாட்டு நூலகங்களின் இணையப் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டினேன். பின்னிணைப்பில் இருக்கும் ஊர் அட்டவணையை நண்பர் ஒருவர் தன் கணினியில் அடித்துக் கொடுத்தார். அவர் வெறும் எல் அடித்து, வேர்டில் அடிக்கோடு போடும் பொத்தானை அழுத்தியிருந்தார். திரையில் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. தாளில் எடுத்துப் பார்த்தாலும் அப்படியே. பல்கலைக்கழகத்தில் ஏடு ஏற்கப்பட்டுப் பட்டமும் வந்துவிட்டது.

இப்போது நினைத்துப் பார்த்தால் ஓர் அறிகுறி அப்போதே இருந்தது. கோப்பில் 'தமிழ்' என்பதன் ரோமன் வடிவத்தைத் தேடினால், நூல் முழுக்க இருக்கும் சொல்லுக்கு நாலைந்து இடங்கள் மட்டுமே வந்து நின்றன. உங்கள் கோப்பில் இப்படி நடந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தேடல் பெட்டி இல்லை என்று சொன்னால், அந்தச் சொல் வேறு ஏதோ எழுத்துகளால் ஆனது என்றுதான் பொருள்.

அப்புறம் டி.டி.பி. பக்கம் கட்டிய தம்பி பொறுமையானவர். அடிக்கோடும் மேற்கோடும் இருக்கிற நல்ல எழுத்துரு ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டார். பழைய எழுத்துருவில் இருந்த இரண்டு இயல்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டார், மாற்றினால் குப்பையாக வருகிறது என்றார். புரூஃபை வரி வரியாகப் படித்தேன். சரியாக இருந்தது. அவர் வடிவமைப்புக் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினார். உரிமைப் பக்கத்தில் ஒரு வரியைத் திருத்த வேண்டியிருந்ததால், அச்சகத்தில் அந்தக் கோப்பைத் தங்கள் கணினியில் திறந்திருக்கிறார்கள். எங்கள் எழுத்துரு அங்கே இல்லை. மென்பொருள் எச்சரித்திருக்கும். யாரோ சரி என்று அழுத்தியிருக்கிறார்கள். வேறோர் எழுத்துரு வந்து உட்கார்ந்துவிட்டது. திருத்தம் முடிந்தது, பிளேட் (அச்சுத் தகடு) போட்டார்கள், அச்சடித்தார்கள், பைண்டிங்கும் ஆகிவிட்டது.

அட்டைப்பெட்டியைப் பிரித்து முதல் பிரதியைப் புரட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. அட்டை அழகாக இருந்தது. மூன்றாம் இயலைத் திறந்தேன். திருவீழிமிழலை இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு ழகரங்களுக்கும் பதிலாக இரண்டு காலிக் கட்டங்கள். சோழ என்பதில் ஒரு கட்டம். கீழ்ப்பழுவூரில் இரண்டு கட்டம். நூற்பட்டியலில் கட்டம் இல்லை, ஆனால் கோடு எல் எழுத்தை விட்டு நழுவி அடுத்த எழுத்தின் காலடியில் கிடந்தது. இதில் கொடுமை என்னவென்றால், நெடில் உயிர்களுக்குப் போடும் மேற்கோடுகள் எல்லாம் கச்சிதமாக இருந்தன. அதனால்தான் மேலோட்டமாகப் பார்த்த அச்சக ஊழியர் கண்ணில் எதுவும் படவில்லை. "எங்க சிஸ்டத்துல வந்ததத்தான் மேடம் அடிச்சோம், ஃபைல்ல என்ன இருந்துச்சோ அது" என்றார் மேலாளர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பேருந்தில் ஒரு பிரதியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. தப்பு யாருடையது என்று பேசிப் பேசி, இரண்டாம் பதிப்புக்குப் பைண்டிங் கூலியை அவர்கள் ஏற்பதாகவும், தாளும் அச்சும் என் செலவு என்றும் முடிந்தது. எழுத்தில் எதுவும் இல்லாததால் அதற்குமேல் கேட்க முடியவில்லை. நீங்கள் வேலை கொடுக்கும்போதே, 'ஒப்புதல் கொடுத்த பிடிஎஃப் தவிர வேறெதிலிருந்தும் பிளேட் போடக் கூடாது, கோப்பில் கை வைத்தால் மறுபடி புரூஃப் காட்ட வேண்டும்' என்று ஒரு வரி மின்னஞ்சலில் எழுதி, அவர்களிடமிருந்து 'சரி' என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் 41,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

மறுபடி அதே கோப்பைக் கொடுத்தால் மறுபடி ஏதாவது ஆகும் என்று பயமாக இருந்தது. இந்த எழுத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று நானே பார்க்க உட்கார்ந்தேன். இதற்கு வேர்டில் ஓர் எளிய வழி இருக்கிறது, எனக்குத் தெரிந்தவர்கள் பலருக்கு அது தெரியாது. சந்தேகப்படும் எழுத்துக்கு அடுத்தாற்போல் கர்சரை வைத்து ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து மறைந்து அதன் யூனிகோடு எண் வரும். இன்னொரு தடவை அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும். மூன்றாம் இயலில் வைத்து அழுத்தினேன், 1ஈ3பி என்று வந்தது (ஈ, பி இரண்டும் ஆங்கில எழுத்துகள்). நூற்பட்டியலில் அழுத்தினேன், 0331 என்று வந்தது. அதே பட்டியலில் வேறோர் இடத்தில் 0332. நண்பர் அடித்த அட்டவணையில் 006சி, அதாவது சாதாரண எல். தட்டச்சு மையத்து இயல்களில் எல்லுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு குறியின் எண். ஒரே நூலுக்குள் ஒரே எழுத்து ஐந்து வேஷத்தில் இருந்தது. அன்றைக்கு எனக்கு அழுகைகூட வரவில்லை, ஏதோ ஒன்று பிடிபட்டது என்ற நிம்மதிதான் இருந்தது.

அந்த எண்கள் என்ன என்று கொஞ்சம் விளக்குகிறேன், இது புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம். யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. நம் ழகரத்தின் எண் 2996. அடிக்கோட்டுச் சிறிய எல்லுக்கு 7739, அதன் பெரிய வடிவத்துக்கு 7738. வேர்ட் காட்டும் 1ஈ3பி என்பது, பத்துக்குப் பதில் பதினாறை அடியாக வைத்து எண்ணும் பதினாறடிமானத்தில் எழுதிய 7739தான். இது தனி எழுத்து, ஓர் இடம், ஓர் எண். ஆனால் இதே எழுத்தை வேறு விதமாகவும் கட்டலாம். சாதாரண எல்லின் எண் 108. அதை முதலில் வைத்து, பின்னாலேயே 'முந்தைய எழுத்தின் அடியில் கோடு போடு' என்று சொல்லும் இணைகுறியை வைத்தால் போதும். அந்தக் குறியின் எண் 817, வேர்ட் காட்டும் 0331 அதுதான். 7739 என்ற ஒற்றை எழுத்தும், 108-817 என்ற ஜோடியும் ஒன்றுக்கொன்று சமம் என்று யூனிகோடு விதி சொல்கிறது. விதியை மதிக்கும் மென்பொருள் இரண்டையும் ஒன்றாகவே நடத்தும். எல்லா மென்பொருளும் மதிப்பதில்லை, அதனால்தான் தேடல் ஏமாற்றுகிறது. நூலகப் பட்டியலிலிருந்து எடுத்ததெல்லாம் ஜோடியாக இருந்ததற்கும் காரணம் உண்டு. நூலகங்கள் யூனிகோடுக்கு முன்பே, எழுத்தையும் குறியையும் தனித்தனியாக வைக்கும் முறையில் பட்டியலைச் சேமித்து வந்தன. அந்தப் பழக்கம் அப்படியே தொடர்கிறது.

மிகவும் தொல்லை கொடுத்தது மூன்றாவது வகை, 0332. அதன் எண் 818. அதுவும் எழுத்தின் அடியில் கோடு போடும் குறிதான். ஆனால் 817 எழுத்தின் அகலத்துக்குள் அடங்கும் சின்னக் கோடு. 818 பக்கத்து எழுத்தின் கோட்டோடு சேர்ந்து ஓடக்கூடிய நீளக் கோடு. பல எழுத்துருக்களில் கண்ணால் பிரித்தறிய முடியாது. 108-818 ஜோடி 7739க்குச் சமம் இல்லை. எந்தத் தானியங்கி முறையும் அதை ழகரமாக ஏற்காது. எழுத்துத் தேர்வுப் பலகையிலிருந்து 'அடிக்கோடு' என்று தேடி எடுப்பவர்கள் பெரும்பாலும் 818ஐத்தான் எடுத்துவிடுகிறார்கள். நீங்களே அடித்த கோப்பாக இருந்தாலும் இதை ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

சரிசெய்த வரிசையைச் சொல்கிறேன். இந்த வரிசை முக்கியம். முதலில் மூலக் கோப்பைப் பிரதி எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். பழைய எழுத்துரு இருக்கும் பகுதிகளைத்தான் முதலில் தொட வேண்டும். வேர்டின் தேடலில் எழுத்துருவின் பெயரைக் குறிப்பிட்டுத் தேட முடியும், அந்த எழுத்துருவில் இருக்கும் ஐரோப்பியக் குறியை மட்டும் 7739ஆக மாற்றச் சொல்லலாம். எழுத்துருவைக் குறிப்பிடாமல் மாற்றினால், பிரெஞ்சு மேற்கோளில் உண்மையாகவே இருக்கும் அதே குறியும் ழகரமாகிவிடும். இதேபோல் ற, ன, ட, ண, நெடில் உயிர்கள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அடுத்து, அடிக்கோடு வடிவமைப்புள்ள எல். தேடலில் வடிவமைப்பு என்ற இடத்தில் அடிக்கோட்டைத் தேர்ந்து, எல் என்று தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ஒட்டுமொத்தமாக மாற்றாதீர்கள், அழுத்தத்துக்காக அடிக்கோடிட்ட ஆங்கிலச் சொற்களும் மாட்டும். இந்த வகையை, உரையை வேறெங்கும் எடுத்து ஒட்டும் முன்பே அவசியம் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் வெறும் உரையாக எங்கே ஒட்டினாலும் அந்தக் கோடு சுவடில்லாமல் போய்விடும், எது ழ எது ல என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதற்கப்புறம் 108-818 ஜோடிகளைத் தேடி மாற்றுங்கள். கடைசியாக மீதமிருக்கும் 108-817 ஜோடிகள். இவற்றைக் கையால் மாற்ற வேண்டியதில்லை. யூனிகோடு இயல்பாக்கம் என்று ஒரு செயல் இருக்கிறது, அதில் சேர்த்து எழுதும் வகையை என்எஃப்சி என்பார்கள். அது எல்லா ஜோடிகளையும் ஒற்றை எழுத்தாக்கிவிடும். விண்டோஸில் பேபல்பேட் என்ற இலவச எடிட்டரில் இதற்கு வசதி உண்டு. பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஒரே வரி வேலை.

இரண்டு விஷயம் இதில் கவனியுங்கள். என்எஃப்சி தமிழ் எழுத்தையும் தொடும், அது நல்லதே. கொம்பும் காலும் தனித்தனியாக அடித்த கொகரத்தை அது ஒரே ஒகர உயிர்க்குறியாக்கிவிடும். இன்னொன்று, எல்லா ஜோடிக்கும் ஒற்றை எழுத்து கிடையாது. ஐஎஸ்ஓ 15919 முறையில் வடமொழியின் உயிர் ருகரத்துக்கு ஆர் எழுத்தின் அடியில் வளையம் போடுவார்கள். அதற்குத் தனி எண்ணே இல்லை, இயல்பாக்கிய பிறகும் அது ஜோடியாகத்தான் இருக்கும். இப்போதிருக்கும் விதிப்படி இனிமேல் புதிதாகத் தனி எண் கிடைக்கப் போவதும் இல்லை. அதனால் வடமொழிப் பெயர்கள் நிறைய வரும் நூலுக்கு, குறியைச் சரியான இடத்தில் உட்கார வைக்கத் தெரிந்த எழுத்துரு கட்டாயம் வேண்டும்.

எழுத்துரு விஷயத்தில் நான் கற்றதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பணம் போனது அங்கேதான். நெடில் உயிர்களின் மேற்கோட்டு எழுத்துகளில் பெரும்பாலானவை லாட்வியன் மொழிக்கும் தேவை என்பதால் ஐரோப்பிய எழுத்துருக்களில் சாதாரணமாக இருக்கும். அடிக்கோட்டு எல், ஆர், என், அடிப்புள்ளி டி எல்லாம் வேறு தொகுதியில், 7680 முதல் 7935 வரையுள்ள இடத்தில் இருக்கின்றன. ஓர் எழுத்துருவின் விளக்கத்தில் 'இந்தத் தொகுதி உண்டு' என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். அதே தொகுதியில்தான் வியட்நாமிய எழுத்துகளும் இருக்கின்றன, 7840 தொடங்கி 7929 வரை. பல எழுத்துருக்கள் வியட்நாமியப் பகுதியை மட்டும் வரைந்துவிட்டு, தொகுதி உண்டு என்று சொல்லிக்கொள்ளும். நமக்கு வேண்டியது முன்பகுதி. ஜென்டியம், சாரிஸ், நோட்டோ செரிஃப் மூன்றிலும் நமக்கு வேண்டிய எழுத்துகள் எல்லாம் இருக்கின்றன. மூன்றும் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன, அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் பணம் கட்டாமல் பயன்படுத்தலாம். நான் கடைசியில் ஜென்டியத்தில் அச்சடித்தேன். எழுத்துருவைத் தேர்ந்ததும் சாய்வு, தடிப்பு வடிவங்களிலும் இந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று தனியாகப் பாருங்கள். ஊர்ப்பெயரைச் சாய்வெழுத்தில் போடும் வழக்கம் இருப்பதால் நேர் எழுத்தைவிடச் சாய்வெழுத்துதான் நமக்கு முக்கியம்.

நடுவில் வரைபடத்திலும் ஓர் இடி விழுந்தது. ஊர்களின் பட்டியலை, அகலாங்கு நெட்டாங்கோடு, காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பாக வரைபடக்காரருக்கு அனுப்பினேன். அவர் அதை விரிதாளில் நேரடியாகத் திறந்து, அப்படியே வரைபடத்தில் ஏற்றிவிட்டார். ழ வர வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் மூன்று எழுத்துகள் வந்தன: தலையில் சாய்கோடு உள்ள ஏ, ஒரு கால்சுழி, வலம் பார்த்த இரட்டைக் கோணக் குறி. இதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், தகவல் அழியவில்லை. யூனிகோடு எண்களைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 7739 என்பது 225, 184, 187 என மூன்று பைட்டாகச் சேமிக்கப்படும். விரிதாள் அந்தக் கோப்பை, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய விண்டோஸ் 1252 முறையில் படித்தால் மூன்று பைட்டும் மூன்று தனி எழுத்தாகத் தெரியும். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், விரிதாளின் தரவு இறக்குமதி வழியாக, யுடிஎஃப்-8 என்று தேர்ந்து திறந்தால் சரியாகிவிடும். திறந்து பார்த்துவிட்டு அதே கோப்பில் சேமித்துவிட்டால் மட்டும் சிக்கல், அப்போது குப்பையே நிரந்தரமாகிவிடக்கூடும். வரைபடக்காரருக்கு மறுபடி கூலி கொடுத்தேன், 3,500 ரூபாய். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவருக்கு அந்த மூன்று எழுத்தும் ஏதோ தமிழ் உச்சரிப்புக் குறி என்றுதான் தோன்றியிருக்கிறது.

சொல்லடைவைத் தனி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்த்து மட்டும் அடுக்கும் எளிய கருவிகளில், இசட்டின் பெரிய வடிவம் 90லேயே முடிந்துவிடும். மேற்கோடு போட்ட பெரிய ஏ 256. விளைவு, ஆழ்வார்திருநகரியும் ஏழாயிரம்பண்ணையும் ஊத்துக்குளியும் பட்டியலின் கடைசியில், இசட்டுக்கும் பின்னால் போய் நின்றன. சொல்லின் நடுவிலும் இதே கதைதான், ழ வரும் பெயர்கள் எல்லாம் தங்கள் எல் வரிசையை விட்டு விலகிப் போகும். யூனிகோடின் வரிசைப்படுத்தும் விதியைப் பின்பற்றும் கருவியில் அடுக்கினால் அடிக்கோட்டு எல் சாதாரண எல்லின் பக்கத்திலேயே நிற்கும். அப்படிக் கருவி இல்லையென்றால் விரிதாளில் பக்கத்து நெடுவரிசை ஒன்றில் கோடு புள்ளி இல்லாத வடிவத்தை எழுதி, அதை வைத்து அடுக்கிவிட்டு, அப்புறம் அந்த நெடுவரிசையை நீக்கிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

இரண்டாம் தடவை அச்சகத்துக்குப் பிடிஎஃப் மட்டும்தான் போனது, எழுத்துருக்கள் முழுவதும் உள்ளே பதிக்கப்பட்டு. பிடிஎஃப் ரீடரில் கோப்பின் பண்புகளில் எழுத்துருப் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'பதிக்கப்பட்டது' என்று இருக்க வேண்டும். நீங்கள் போடாத எழுத்துரு ஒன்று அங்கே தலைகாட்டினால், ஏதோ ஓர் எழுத்துக்கு உங்கள் எழுத்துருவில் இடம் இல்லாமல் மென்பொருள் கடன் வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். கண்ணுக்குச் சரியாக இருந்து, ஒட்டினால் குப்பை வந்தால், பழைய எழுத்துரு இன்னும் எங்கோ ஒளிந்திருக்கிறது. அச்சில் தெரியாது, ஆனால் நூலை மின்வடிவில் தேடுகிறவர்களுக்கு அந்தப் பக்கங்கள் இல்லாத பக்கங்களே. இவையெல்லாம் முடிந்த பிறகும், முதல் பாரம் (ஒன்றாக அச்சாகும் பதினாறு பக்கம்) அச்சானதும் நேரில் போய் நின்று பார்த்தேன். அதற்கென்றே ஒரு வரியை நூலின் குறியீட்டு விளக்கப் பக்கத்தில் வைத்திருந்தேன். எழுத்துப்பெயர்ப்பில் வரும் எல்லா எழுத்துகளும், சிறியதும் பெரியதும், நேராகவும் சாய்வாகவும் அந்த வரியில் இருக்கும். அந்தப் பக்கம் முதல் பாரத்திலேயே வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள், பிழை இருந்தால் பதினாறு பக்கத்தோடு நிறுத்திவிடலாம்.

மின்னூலுக்கும் இணைய விற்பனைக்கும் இன்னும் சில சின்ன விஷயங்கள். ஈபப் கோப்பிலும் எழுத்துருவைப் பதித்துவிடுங்கள், வாசிப்பவரின் கைபேசியில் என்ன எழுத்துரு இருக்கும் என்று தெரியாது. கோப்பின் பெயரில் மட்டும் இந்த எழுத்துகளை ஒருபோதும் வைக்காதீர்கள். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்து, ஜோடியாக்கித்தான் வைத்துக்கொள்ளும். அங்கிருந்து வந்த கோப்பும் இங்கே இருக்கும் கோப்பும் பார்வைக்கு ஒரே பெயராக இருந்தும் கணினிக்கு இரண்டாகிவிடும், படங்களின் இணைப்பு அறுந்துபோகும். கடையின் விவரப் படிவத்தில் தலைப்பைக் கோடு புள்ளியோடு, 7739 என்ற ஒற்றை எழுத்தாகவே கொடுங்கள். குறிச்சொற்கள் என்ற கட்டத்தில், மக்கள் தேடும்போது அடிக்கும் வடிவங்களைக் கோடு புள்ளி இல்லாமல் சேர்த்துவிடுங்கள். ழகரத்துக்கு இசட்-எச் போட்ட வடிவம் ஒன்று, வெறும் எல் போட்ட வடிவம் ஒன்று, தமிழ் எழுத்திலேயே ஒன்று. என் நூலைத் தேடி வந்த முதல் வாசகர் கீழ்வேளூர்க்காரர். தமிழ் எழுத்தில் ஊர்ப்பெயரை அடித்துத் தேடியிருந்தார்.